ஷேக்குக்குக் கட்டிய தலைக்கட்டு வரி

அன்றைக்கு மாரியம்மன் கோவிலுக்கு முன்னால் போட்டிருந்த பந்தலில் வந்து உட்கார்ந்தவர்கள்: ஊர்க்கவுண்டர், அவருடைய மூன்று மகன்கள், கோவில் பூசாரி, பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் என் பெரியப்பா, என் அப்பா, ஊரில் தலைக்கட்டு என்று பேர் உள்ள அத்தனை வீட்டு ஆம்பிளைகளும். ஆம்பிளை இல்லாத வீடுகளுக்காக மூத்த பையன்கள் வந்திருந்தார்கள். இவர்களுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், ஊரில் ஒருவருக்கும் உறவில்லாத ஒரு மனிதர். ஏதோ ஒரு டிரஸ்ட்டின் ஆளாம், அவரை எல்லோரும் ‘டிரஸ்ட்டு சார்’ என்றார்கள்.

வராதவர்கள்: பெண்கள் ஒருவரும் இல்லை. பணம் போடுகிற கூட்டத்துக்கு எங்கள் ஊரில் பெண்களைக் கூப்பிடுவதில்லை. போட்ட பணம் போன பிறகு அழுவதற்குத்தான் கூப்பிடுவார்கள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் ஒரே ஊர்க்காரர், அன்றைக்கென்று பார்த்து காரிமங்கலத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். போலீஸ் இல்லை. பேச்சில் ஓயாமல் அடிபட்ட அரபு ஷேக் இல்லை. அவருக்குத் தங்கம் அள்ளிக் கொடுத்த வெள்ளைக்காரத் தூதரும் இல்லை. இரண்டு பேரும் செத்து மண்ணாகி வெகுகாலம் ஆகிறது. முக்கியமாக, என் அம்மா இல்லை. அவள் இருந்திருந்தால் பந்தல் வாடகை மட்டும்தான் நஷ்டமாகியிருக்கும்.

டிரஸ்ட்டு சார் சொன்ன கதை இது. வெள்ளைக்காரன் காலத்தில், முதல் உலகச் சண்டை முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள், அரபு பாலைவனத்தில் ஒரு ஷேக் இருந்தார். அவர் கூட்டத்து ஆட்கள் வழியில் போகிறவர்களை மறித்துக் கொள்ளையடித்தார்கள். அவர்களை அடக்கி வைப்பதற்காகப் பிரிட்டிஷ் தூதர் ஷேக்குக்கு மாதாமாதம் தங்கக் காசு கொடுத்தார். ஷேக்குக்குச் செலவு பண்ணத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரு பேங்கில் போட்டுவிட்டுச் செத்துப் போனார். அது குட்டி போட்டு வளர்ந்து, இன்றைக்கு எத்தனை ஆயிரம் கோடி என்று பேங்குக்கே தெரியாது. கொடுத்த தங்கமெல்லாம் இந்தியாவில் சுரண்டியது. ஆகவே ஷேக்கின் பேரன்கள் அதை இந்தியக் கிராமங்களுக்கே திருப்பித் தர முடிவு செய்திருக்கிறார்கள். தலைக்கட்டுக்குப் பத்து லட்சம். பணம் பம்பாய் வரை வந்து நிற்கிறது. வெளியே எடுக்க ஒரு சின்ன சார்ஜ் கட்ட வேண்டும், தலைக்கட்டுக்கு இருபத்தைந்தாயிரம்.

“எல்லா ஊருக்கும் தர்றதில்லீங்க,” என்றார். “ஒத்துமையான ஊருக்கு மட்டுந்தான். ஒரு தலைக்கட்டு கொறஞ்சாலும் கம்ப்யூட்டர் ஏத்துக்காது.”

“கம்ப்யூட்டருன்னா அப்படித்தான்,” என்றார் பூசாரி, தினமும் கம்ப்யூட்டருக்கு அபிஷேகம் பண்ணுகிறவர் மாதிரி.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு பையன் மட்டும் எழுந்தான். “சார், அவங்க மார்க்கத்துல வட்டி வாங்கறது பாவம்னு சொல்வாங்களே?”

டிரஸ்ட்டு சார் அவனைப் பார்த்துச் சிரித்தார், நல்ல மாணவனைப் பார்த்து வாத்தியார் சிரிப்பதைப் போல. “அதனாலதான் தம்பி அவங்க வெச்சுக்காம நமக்குக் குடுக்கறாங்க.”

பந்தலே தலையாட்டியது. அந்தப் பையனும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். எங்கள் ஊரில் ஒரு கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் போதும். அது சரியான பதிலா என்று பார்ப்பது மரியாதைக் குறைவு.

பிறகுதான் ஊர்க்கவுண்டர் என் பக்கம் திரும்பினார். “நம்ம பையன் ஒருத்தன் இதையேதான படிச்சினு இருக்கான்? டேய் தம்பி, எந்திரி.”

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அரசுக் கல்லூரியில் வரலாறு எம்.ஏ. முடித்து, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். எங்கள் பக்கத்துத் தகடூர் நாட்டு நடுகற்களைப் பற்றி ஆராய வேண்டும் என்றுதான் போனேன். என் நெறியாளர் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார். “நடுகல்லுக்கு நீ ஊர் ஊரா அலையணும். அலையறதுக்குக் காசு இருக்கா? லண்டன்ல இருக்கற பழைய ஃபைலெல்லாம் ஸ்கேன் பண்ணி நெட்ல சும்மா போட்டிருக்கான். ரூம்ல உக்காந்தே முடிச்சிரலாம்” என்று சொல்லி ஒரு தலைப்பைக் கொடுத்தார்: ‘இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அரேபிய வங்கித் தொழிலிலும் குலக்குழு விவகாரங்களிலும் பிரிட்டிஷ் தூதரகங்கள் காட்டிய அக்கறை.’ தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

“சார், எனக்கு அரபி தெரியாதுங்களே.”

“எனக்கும் தெரியாது. நான் கேக்கலையே உன்னை.”

அப்படித்தான் நான் அரேபியாவுக்குப் போனேன், பாலக்கோடு பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாதவாடகை அறையில் உட்கார்ந்துகொண்டு. இரண்டு வருஷமாக அந்தக் கோப்புகளைப் படித்தேன். அரேபியத் துறைமுக நகரம் ஒன்றில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு தூதர்கள் எழுதிய அறிக்கைகள். எந்த ஷேக் எந்த ஷேக்குக்குப் பகை, எவன் ஒட்டகத்தை எவன் ஓட்டிக்கொண்டு போனான், எவன் மகளை எவன் கட்டினான், எவனுக்கு எவ்வளவு கொடுத்தால் வாயை மூடுவான். பக்கம் பக்கமாக அவ்வளவும் ஊர் வம்பு. எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து யாராவது இதைப் பேசினால் வெட்டிப் பேச்சு. தூதர் தட்டச்சு செய்து சீல் வைத்து லண்டனுக்கு அனுப்பினால் ராஜதந்திரம்.

வங்கி விஷயம் இன்னும் கேவலம். அந்தத் துறைமுகத்தில் அப்போது வங்கி என்று ஒன்று கிடையாது. காசு மாற்றுகிறவர்கள் இருந்தார்கள், பணம் வாங்கி அனுப்புகிற ஓர் ஐரோப்பிய வியாபாரக் கம்பெனி இருந்தது, இரும்புப் பெட்டி இருந்தது. வேறு தேசத்துக்காரன் யாராவது வந்து வங்கி திறந்துவிடுவானோ என்பதுதான் தூதர்களின் கவலை. தானும் திறக்க மாட்டான், அடுத்தவனையும் திறக்க விடமாட்டான். இதைத்தான் ‘அக்கறை’ என்று என் தலைப்பு மரியாதையாகச் சொல்கிறது.

பணத்துக்கு அடங்காத கூட்டங்களின் மேல் விமானத்தில் இருந்து குண்டு போட்டதும் அந்தக் கோப்புகளில் இருக்கிறது. செலவு மிச்சம் என்று எழுதியிருப்பார்கள்.

எழுந்து நின்றேன். ஊர்க்கவுண்டர் கேட்டார்: “வெள்ளக்காரன் ஷேக்குக்குத் தங்கம் குடுத்தது நெசமா, பொய்யா?”

ஆராய்ச்சி படிக்கிறவனுக்கு ஒரு பழக்கம் கற்றுக்கொடுக்கிறார்கள். எதிராளி சொன்னதில் சரியான பகுதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம் மறுக்க வேண்டும். அதுதான் நேர்மையாம். நேர்மையாகச் சொன்னேன்.

“நெசந்தாங்க. குடுத்திருக்காங்க. ஆனா...”

அவ்வளவுதான். ஒருத்தன் விசில் அடித்தான். பெரியப்பா என் முதுகில் அறைந்து, “எங்க வூட்டுப் பையன்!” என்றார். அப்பா தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார், நான் எம்.ஏ. முடித்த அன்றைக்குக்கூட அவர் அப்படித் துடைத்ததில்லை. என்னுடைய ‘ஆனா’ யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

நான் கத்தினேன். “அங்க பேங்கே இல்லீங்க! எந்த பேங்க்குல போடுவான்?”

எல்லாத் தலையும் வெள்ளைச் சட்டைப் பக்கம் திரும்பியது. டிரஸ்ட்டு சார் நாற்காலியை விட்டு எழுந்துகூட நிற்கவில்லை. “தம்பி கரெக்டா சொல்றாரு. வெளிய தெரியற மாதிரி பேங்கு கெடையாது. அந்த ரகசியம் படிச்சவங்களுக்குத்தான் தெரியும்.”

இதற்கு மேல் நான் என்ன மறுத்தாலும் அது அவருக்கே சாட்சியாகும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. உட்கார்ந்தேன்.

இருபத்தைந்தாயிரத்தை எப்படி வசூல் பண்ணுவது என்ற பேச்சு வந்தது. அங்கேதான் எங்கள் ஊர் தன் முழு அறிவையும் காட்டியது. யாரோ ஒருத்தர் ஆளாளுக்கு விருப்பப்பட்டால் கொடுக்கட்டும் என்றார். ஊர்க்கவுண்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் காரியத்துக்கு ஊர் வழிதான். கோவில் பண்டிகைக்கு வாங்குவதைப் போலத் தலைக்கட்டு வரியாகப் போட்டுவிடலாம் என்றார்.

எங்கள் பக்கத்தில் கோவில் பண்டிகைக்குக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த ஒவ்வொரு ஆம்பிளையும் ஒரு தலைக்கட்டு. பணக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே வரி. கட்டாவிட்டால் அந்த வீட்டு மாவிளக்கைக் கோவிலில் வாங்க மாட்டார்கள், பம்பை மேளம் அவன் வாசலில் நிற்காது, நல்லது கெட்டதுக்கு ஊர் வராது. நூறு ரூபாய் கடன் கேட்டால் யோசிக்கிற ஊர், வரி என்று சொன்னால் தாலியை அடகு வைத்துக் கட்டும். சாமிக்கு என்று வைத்த இந்த ஏற்பாட்டை, முகம் தெரியாத ஒரு ஷேக்கின் பேரனுக்காக அன்றைக்கு ஒரு கைதட்டலில் எடுத்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தூதர்களும் பாலைவனத்தில் கூடாரம் கூடாரமாக ஏறி இறங்கவில்லை. தலைவன் யாரென்று பார்த்து, அவன் மடியில் காசைப் போட்டு, மீதிப் பேரை அவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். டிரஸ்ட்டு சார் ஒரு படி மேல். அவர் ஊர்க்கவுண்டருக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. ஒரு சால்வை போர்த்தினார். தூதர்கள் வீண் செலவு செய்திருக்கிறார்கள்.

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அப்பா விஷயத்தைச் சொன்னார்.

“எவ்ளோ?”

“இருவத்தஞ்சு.”

“அதுக்கு?”

“பத்து லட்சம் வரும்.”

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். “பத்து லட்சம் தர்றவன், அதுலயே அந்த இருவத்தஞ்சப் புடிச்சிக்கினு மிச்சத்தக் குடுக்கச் சொல்லுங்க.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, “அதெல்லாம் பேங்கு விசயம். உனுக்குப் புரியாது” என்றார்.

“எனக்குப் புரியாதுங்க. தர்றவன் எதுக்கு வாங்கறான்னு எனக்குப் புரியவே புரியாது.”

வீட்டில் பணம் இருந்தது. அதுதான் வம்பே. அந்த வருஷம் தக்காளி விலை கொஞ்ச நாள் நின்றது. அதில் ஒதுக்கி வைத்தது என் தங்கையின் இரண்டாம் வருஷ ஃபீஸ். அவள் தர்மபுரியில் நர்சிங் படிக்கிறாள். ஃபீஸ் கட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டாவிட்டால் வகுப்பில் உட்கார விடமாட்டார்கள். உட்கார விடாத பெண்ணை எங்கள் ஊரில் அடுத்த முகூர்த்தத்திலேயே மணையில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பணத்தைத் தவிர வீட்டில் வேறு எதுவும் இல்லை.

அன்றைக்குச் சனி, ஞாயிறு லீவில் அவளும் வந்திருந்தாள். சாப்பிடும்போது கேட்டாள். “ஏம்பா, ஷேக்கு எனக்கு ஃபீஸ் கட்டுவாராமா? போன் நெம்பர் இருந்தா குடு. ஹாஸ்டல்ல கொசுவலையும் கேக்கணும்.”

“வாய் ரொம்ப நீளுது உனக்கு,” என்றார் அப்பா.

“படிக்க வெச்சீங்க இல்ல, அதான்.”

அடுத்த நாள் நான் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு கோப்பின் பக்கத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்தத் துறைமுகத்தில் வங்கி எதுவும் இல்லை, ஷேக்குகள் காசைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், வாங்கிய வேகத்தில் தங்கள் ஆட்களுக்குப் பங்கிட்டுவிடுகிறார்கள் என்று ஒரு தூதரக அதிகாரி எழுதிய பக்கம். வரிக்கு வரி தமிழில் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். கேட்டார் என்றுதான் நினைத்தேன்.

“இது என்னா, சீலா?”

“ஆமாங்க. தூதரகத்து முத்திரை. ஆனா அதுல எழுதியிருக்கறது...”

“மேல சிங்கம் இருக்குது.”

“இருக்குதுங்க. கீழ என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க. பேங்க் இல்லைன்னு...”

“நல்ல காகிதம்,” என்றார். “இத வெச்சிட்டுப் போ.”

வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரக் கூட்டத்தில் அந்தப் பக்கம் லேமினேட் செய்யப்பட்டுக் கோவில் தூணில் தொங்கியது. ‘அங்கே வங்கி இல்லை’ என்று வெள்ளைக்காரனே எழுதிய காகிதத்தை, அந்த வங்கிக்கே ஆதாரம் என்று ஊர் வரிசையில் நின்று பார்த்தது. சிலர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பத்தாவது வரை ஆங்கிலம் படித்த பையன்கள் இருபது பேராவது அந்த வரிசையில் நின்றார்கள். ஒருத்தனுக்கும் அதை வாசிக்கத் தோன்றவில்லை. செல்போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

வசூல் மளமளவென்று நடந்தது. மாடு விற்றார்கள், கம்மல் வைத்தார்கள், மண்டியில் முன்பணம் வாங்கினார்கள். கடைசியில் ஐந்து வீடு பாக்கி. நான்கு வீடு நிஜமாகவே ஒன்றும் இல்லாதவை. ஐந்தாவது எங்கள் வீடு.

பெரியப்பா ஒரு சாயங்காலம் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார், அதுவே ஒரு சேதி.

“டேய், நீ கட்டலன்னா எனக்கு மானக்கேடு. ஒரே வயித்துல பொறந்துட்டு நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கமா?”

“பாப்பா ஃபீஸுண்ணா,” என்றார் அப்பா.

“பொட்டப்புள்ள ஃபீஸு. நாளைக்குப் பத்து லட்சம் வந்தா காலேஜையே வாங்கிப் போடு.”

நான் உள்ளே இருந்து வந்தேன். “பெரியப்பா, அந்தாளு யாருன்னே தெரியாது. எந்த ஊரு, என்ன பேரு, ஒண்ணும் தெரியாது.”

“ஏன்டா, நீதான சபையில எந்திரிச்சு நெசம்னு சொன்ன? இப்ப எங்கள மாட்டி வுட்டுட்டு நீ மட்டும் ஒதுங்கறியா? இல்ல, தனியா எதுனா பேசி வெச்சிருக்கியா அவங்கிட்ட?”

அடுப்படியில் இருந்து அம்மா குரல் வந்தது. “ஆமாங்க மாமா. எம்புள்ள தனியா பேசி வெச்சிருக்கான். அவனுக்கு இருவது லட்சமாம். செருப்பக் கழட்டிட்டு வந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

பெரியப்பா காப்பி குடிக்காமல் போனார். அப்பா அன்றிரவு பீரோவைத் திறந்து பணத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தார். கட்டிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மறுநாள் காலை அப்பா வயலுக்குப் போனதும் பணத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டாள். தர்மபுரியில் இறங்கி, தங்கையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், கல்லூரி அலுவலகத்தில் ஃபீஸ் முழுவதையும் கட்டிவிட்டுத்தான் திரும்பினாள். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “ரசீது வாங்கினியா?” என்று மட்டும் கேட்டார்.

இனி எங்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. ஊர் அதை அப்படிப் பார்க்கவில்லை. ஒரு தலைக்கட்டு குறைந்தாலும் கம்ப்யூட்டர் ஏற்காது. ஆக, நூறு தலைக்கட்டின் பத்துக் கோடி ரூபாய் பம்பாயில் நிற்பதற்குக் காரணம், பணம் இருந்தபோது கட்டாத எங்கள் வீடு. அப்பா டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றது. எங்கள் தக்காளிப் பெட்டியை ஏற்றிப் போகும் டெம்போக்காரன், இடம் இல்லை என்றான். வண்டி பாதி காலியாக இருந்தது. ஹாஸ்டலில் இருந்து வந்த தங்கையைப் பார்த்து ஒரு கிழவர், “பத்து லட்சத்துப் புள்ள வருது பாரு” என்றார். அவளும் விடவில்லை. “வாங்க தாத்தா, பிரஷர் பாத்து வுடறேன். உங்குளுக்கு ஏறியிருக்கும்” என்றாள்.

கடைசியில் டிரஸ்ட்டு சாரிடமிருந்து போன் வந்தது. மறுநாளோடு கெடு முடிகிறதாம். ஊர்க்கவுண்டர் கோவில் பணத்தில் இருந்து ஐந்து வீட்டு வரியையும் எடுத்துப் போட்டுக் கணக்கை நேராக்கிவிட்டார். மாரியம்மனே எங்களுக்காக ஷேக்குக்குப் பணம் கட்டினாள். மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டை காரில் ஏறிப் போனது. பையன்கள் கை காட்டினார்கள்.

பண்டிகை வந்தது. பம்பை எங்கள் வாசலைத் தாண்டிப் பக்கத்து வாசலில் போய் அடித்தது. அம்மா மாவிளக்குத் தட்டோடு கோவில் வரை போனாள். பூசாரி வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, மாவை வெல்லத்தோடு பிசைந்து எங்களுக்கே கொடுத்தாள். “அம்மனுக்குப் பசியில்லையாம். நீங்க சாப்புடுங்க,” என்றாள். அப்பா மட்டும் சாப்பிடவில்லை. பண்டிகை நடந்த மூன்று நாளும் அவர் வயலில் இருந்தார், பாய்ச்சத் தண்ணீரே இல்லாத வயலில்.

அதற்குப் பிறகு டிரஸ்ட்டு சாரின் போன் அணைந்துவிட்டது. முதலில் டவர் பிரச்சினை என்றார்கள். பிறகு அரபு நாட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். பெரியப்பா பம்பாய்க்கு ஆள் அனுப்பலாம் என்றார். பம்பாயில் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. போலீசுக்குப் போகலாம் என்று திருப்பூர்ப் பையன் சொன்னான். போய் என்ன சொல்வது? ஷேக்குக்குத் தலைக்கட்டு வரி கட்டினோம் என்றா? ஸ்டேஷனில் சிரிக்கப்போகும் சிரிப்பு சந்தைநாள் வரைக்கும் நிற்காது என்று ஊர்க்கவுண்டருக்குத் தெரியும். அவர் மூன்று மகன்களுடைய பணமும் போயிருந்தது. அவர் திருடனாக இருந்திருந்தால் கொஞ்சம் மதித்திருப்பேன். ஒரு காசு எடுக்கவில்லை மனிதர்.

தூணில் இருந்து லேமினேட் காகிதத்தைக் கழற்றினார்கள். இனி நாங்கள் சொன்னதுதான் சரி என்று யாராவது ஒருத்தராவது வீட்டுக்கு வந்து சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆராய்ச்சி படிக்கிறவனுக்கு அந்தப் புத்தியும் உண்டு. உண்மை வெளியே வந்தால் உலகம் தலைகுனியும் என்று நினைப்பான்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். இந்த முறை பந்தல் இல்லை. கட்டாத ஐந்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டார்கள். அப்பாவோடு நானும் போனேன்.

“போனது போச்சு,” என்றார் ஊர்க்கவுண்டர், அப்பாவைப் பார்த்து. “எல்லார் பணமும் போச்சு. ஆனா உன் பங்கு உன் பணத்துல போவல. அம்மன் பணத்துல போச்சு. சாமி பணத்த சாமிக்குத் திருப்பிக் கட்டோணும்.”

“நாங்க கேக்கவே இல்லீங்களே!” என்றேன். “எங்களுக்காகக் கட்டுங்கன்னு யாரு சொன்னா? ஏமாத்துன்னு நான்தான் முன்னாடியே சொன்னனே!”

“நீ சொன்னது சரிதான் தம்பி. யாரு இல்லைன்னா? ஆனா வரி போட்டது ஊரு. சரியோ தப்போ, ஊரு போட்ட வரி வரிதான். ஊரே ஏமாந்திருக்கறப்ப நீ மட்டும் ஏமாறாம இருந்தா, அது என்னா ஒத்துமை?”

சுற்றி உட்கார்ந்தவர்கள் தலையாட்டினார்கள். ஷேக் கதைக்கு ஆட்டிய அதே தலைகள். பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நான்கு வீட்டுக்காரர்கள் கூலியில் கழித்துக்கொள்கிறோம் என்று கும்பிட்டார்கள். அவர்களுக்கு இந்த ஊரை விட்டால் வேலை இல்லை. சபையில் எதிர்த்துப் பேசியதற்கு எங்களுக்குத் தனியாகத் தண்டம் போட்டார்கள். படித்தவன் பேசினதால் தண்டம் கொஞ்சம் கூடுதல் என்று ஒருத்தர் விளக்கம் வேறு சொன்னார்.

கட்டக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். கோர்ட் இருக்கிறது, கலெக்டர் இருக்கிறார் என்றேன். அப்பா நின்றார்.

“நீ பாலக்கோட்டுல ரூம்ல இருக்கற. பாப்பா தர்மபுரியில இருக்கறா. இந்த ஊருல இருக்கறது நானும் உங்கம்மாவும். நான் செத்தா தூக்கறதுக்கு நாலு பேரு உன் கலெக்டரா அனுப்புவாரு?”

அம்மா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது எனக்கு அவர் சொன்னதைவிடக் கோபத்தைக் கிளப்பியது. மாட்டை அவிழ்த்து அவளே வியாபாரியிடம் கயிற்றைக் கொடுத்தாள். அந்தப் பால் பணத்தில்தான் தங்கையின் ஹாஸ்டல் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஃபீஸ் கட்டியாகிவிட்டது, அதை யாரும் பிடுங்க முடியாது. ஹாஸ்டலைத்தான் விட வேண்டும். தங்கை பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது விடியும் முன் கிளம்பி, பாலக்கோட்டில் பஸ் மாறி, தர்மபுரி போய், ஆஸ்பத்திரி டியூட்டி பார்த்துவிட்டு இருட்டினபின் வருகிறாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அந்த மட்டும் லாபம். பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதாக என்னுடன் படித்தவன் ஒருத்தன் சொன்னான். படிப்பை விட்டுவிடுவாளோ என்று ஒருநாள் கேட்டேன். “ஏன் விடணும்? நான் என்ன ஷேக்கா, சும்மா உக்காந்து வாங்க?” என்றாள்.

நெறியாளரிடம் இதையெல்லாம் சொன்னேன். முகம் மலர்ந்தது அவருக்கு. “பிரமாதம். முன்னுரையில சேத்துரு, இன்றைய பொருத்தப்பாடுன்னு ஒரு பத்தி வேணும்” என்றார். சேர்க்கவில்லை. தூதர்களும் இப்படித்தான், அடுத்தவன் வீடு எரிகிற வெளிச்சத்தில் அறிக்கை எழுதுவார்கள்.

பணத்தைக் கோவிலில் கொண்டுபோய்க் கட்டிய அன்று நானும் கூடப் போனேன். பூசாரி எண்ணினார், ஊர்க்கவுண்டர் மறுபடி எண்ணினார், அப்பா கைகட்டி நின்றார். எண்ணி முடித்ததும் அப்பா நெற்றியில் திருநீறு பூசினார்கள். எங்கள் வீடு திரும்பவும் ஊரில் சேர்ந்துவிட்டது. ஷேக்கின் தங்கத்துக்கு வரி இருபத்தைந்தாயிரம், அது பொய் என்று முதலில் சொன்னதற்குத் தண்டம் ஐயாயிரத்து ஒன்று. ஆக, முப்பதாயிரத்து ஒரு ரூபாய்.